நாற்பத்து மூன்று பேர் பொத்திய மூக்கு

நம் இங்கிலீஷ் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "மேடம், பின்காலனியக் கோட்பாடு பேப்பரை என் தலையில கட்டிட்டாங்க. உங்க பழைய நோட்ஸ் இருந்தா அனுப்புங்களேன், சும்மா ரெஃபரன்ஸுக்கு" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பார். நான் இருக்கும் சிட்லபாக்கத்தில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

நோட்ஸ் அனுப்ப மாட்டேன். ஏன் என்பதை அவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஓய்வு பெற்றவள் எழுதுவதைப் படிக்க நேரமில்லை என்பவர்கள் ஸ்லைடு தயாரிக்கப் போகலாம். எனக்கு வருத்தமில்லை.

முதலில் ஆளைச் சொல்கிறேன். அந்தப் பேப்பரில் மூன்றாவது அலகு முழுக்க ஒரே விமர்சகர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே தேடி, நாலு வரியும் ஒரு போட்டோவும் எடுத்து ஒட்டிவிடுவீர்கள். போட்டோவில் கன்னத்தில் கை வைத்திருப்பார். விமர்சகர்களுக்கு வேறு எங்கும் கை வைக்கத் தெரியாது போலிருக்கிறது.

அந்நியர் ஆண்ட ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர் அவர். அப்பா மர வியாபாரி. பள்ளியில் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்களாம். பெஞ்சு மேல் நின்றபடியே ஆண்டவர்களின் இலக்கியத்தை முழுக்கப் படித்துவிட்டார். பிறகு கலவரத்தில் ஊர் போயிற்று, வீடு போயிற்று. ஆண்டவர்கள் நாட்டுக்கே போய்ப் பேராசிரியர் ஆனார். அவர்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, அவர்கள் பெருமையாக வைத்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டார். எனக்கு இந்தக் குணம் பிடிக்கும்.

அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். ஆள வந்தவர்கள் நம் நாடுகளைப் பற்றி எழுதினார்கள். முதலில் வந்தவன் பார்த்து எழுதினான், பாதி தப்பாக. இரண்டாவது ஆள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தான். மூன்றாமவன் இரண்டையும் படித்துவிட்டு வந்தான். பத்தாவது ஆள் வரும்போது கண்ணுக்கு வேலையே இல்லை. எதிரே ஊர் இருந்தது, அவன் புத்தகத்தைப் பார்த்தான். ஊர்க்காரன் வேறு மாதிரி இருந்தால் தப்பு ஊர்க்காரன் மேல்தான். இப்படி எழுதி எழுதியே, ஆள்வதற்குத் தோதான ஓர் ஊரைக் காகிதத்தில் கட்டிக்கொண்டார்கள் என்றார். அந்த ஊரில் இருந்தவர்களின் குரல் அழிந்துபோனது என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

இதை அப்படியே சொன்னால் வகுப்பு தூங்கும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் எடுத்தது மாலை நேர எம்.ஏ. வகுப்பு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஓடி வருகிறவர்கள். அவர்களை எழுப்ப நானே ஓர் உதாரணம் கட்டினேன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்சியில் வருகிறான். பல்லாவரம் தாண்டும்போது தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் அடிக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு, 'இந்த ஊரே நாறுகிறது' என்று டைரியில் எழுதுகிறான். அதைப் படித்துவிட்டு அடுத்தவன் வருகிறான். அவன் விமானத்தில் இருக்கும்போதே மூக்கைப் பொத்துகிறான்.

வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமை. அடுத்த வருடமும் சொன்னேன். அப்புறம் நோட்ஸில் சேர்த்தேன். இங்கிலீஷ் நோட்ஸில் பல்லாவரம் என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால் 'தோல் பதனிடும் ஒரு கீழைநாட்டுச் சிற்றூர்' என்பது போல ஒன்றைப் போட்டேன். என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு நான் வைத்த பெயர் அது. கொஞ்ச வருடத்தில் 'விமர்சகர் கூறுவதாவது' என்பதும் முன்னால் ஒட்டிக்கொண்டது. எப்போது ஒட்டியது என்று எனக்கே தெரியாது. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் 'மேடம் நோட்ஸ்' என்று கேட்டாலே கட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கடைக்காரர் என்னைவிட அதிகம் பேருக்கு எம்.ஏ. வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

நான் புத்தகத்தைப் படித்திருந்தேனா? முன்னுரை படித்திருந்தேன். ஒரு தொகுப்பு நூலில் இருபது பக்கச் சுருக்கம் படித்திருந்தேன். அதற்கு மேல் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, ஸ்டேஷனைச் சுற்றி வந்து வகுப்புக்குள் நுழைந்தபோது நோட்ஸ் பையில் இல்லை. தலைவலி என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் காபி குடிக்கப் போனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.ஏ. விடைத்தாளை இரண்டு பேர் திருத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் நம் கல்லூரி ஆள், பிறகு வெளியிலிருந்து வருபவர். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முதல் ஆள் போட்டதை மறைத்துத்தான் அடுத்தவரிடம் கொடுப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் மூன்றாவது ஆளுக்குப் போகும்.

ஒரு மே மாதக் கடைசியில் நாற்பத்து நாலு தாள் திருத்தினேன். நாற்பத்து மூன்றில் என் நோட்ஸ் வரிக்கு வரி இருந்தது. கை வலிக்காமல் மார்க் போட்டேன். ஒன்றில் மட்டும், முதல் பக்கத்திலேயே, "தோல் ஊர் உதாரணம் இந்த விமர்சகருடைய புத்தகத்தில் இல்லை. இரண்டு முறை படித்துவிட்டே சொல்கிறேன்" என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் நோட்ஸைப் பார்த்து இல்லை என்று சொல்ல இவன் யார் என்று எனக்குள் கேட்டேன். ஆண் என்றே முடிவு செய்துவிட்டேன், அதுவும் என் மூளைதான். கோபத்தோடேயே மீதிப் பக்கங்களைப் புரட்டினேன். படித்தேன் என்று சொல்லவில்லை, புரட்டினேன். முப்பத்தெட்டு போட்டேன். ஐம்பது எடுத்தால்தான் பாஸ்.

இரண்டு நாள் கழித்து, திண்டிவனத்துப் பக்கமிருந்து வெளித் திருத்துநர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பணிவான ஆள். கட்டு முழுவதையும் முடித்துவிட்டு, கையில் டீயோடு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். இந்தத் தோல் ஊர் புத்தகத்துல எந்தப் பக்கம்?"

"மூணாவது அத்தியாயம்" என்றேன், யோசிக்காமல்.

"புதுப் பதிப்பா மேடம்?"

"ஏன் கேக்கறீங்க?"

"எங்க ஊருக்கு வர்ற பதிப்புல யாரும் மூக்கையே தொடல. இங்க நாற்பத்து மூணு பேர் பொத்தியிருக்காங்க, எல்லாம் ஒரே கையால." டீயை ஒரு வாய் குடித்தார். "ஒரே ஒரு ஆள் மட்டும் பொத்தல. பிரமாதமா எழுதியிருக்காங்க மேடம். எழுபத்தொண்ணு போட்டேன்."

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு, எழுபத்தொன்று. மூன்றாவது ஆளுக்குப் போகும். அதற்கு மூன்று வாரம் ஆகும். மறுநாள் ரிசல்ட் போர்டில் ஒட்டும்போது அந்த எண்ணுக்கு நேரே 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று வரும்.

நூலகத்துக்குப் போனேன். அங்கே உதவியாளராக இருந்தவர் சேலையூர்க்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா மேடம், நீங்களே வந்துகினு? சொல்லி அனுப்பினா நான் எடுத்தாந்து குடுக்க மாட்டனா?"

புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். ஏணி போட்டு இறக்கினார். நம் துறை வாங்கி ஏழு வருடம் ஆன புத்தகம், கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. கடைசிப் பக்கத்துச் சீட்டில் இரண்டே இரண்டு தேதி முத்திரை. இரண்டுக்கும் ஒரே கார்டு எண்.

"இது யாரு?"

"ஜரீனா அக்கா மேடம். உங்க ஈவினிங் கிளாஸ்தான். கதவாண்ட குந்திகினு இருக்குமே." பிறகு அவரே தொடர்ந்தார். "டெய்லி வந்து ரிசல்ட் எப்பன்னு கேட்டுகினு கீது மேடம். அது ஒரு இஸ்கூல்ல டீச்சர். ஜூன்ல தொறக்கறதுக்குள்ள எம்.ஏ. பாஸ்னு பேப்பர் காட்டினாதான் ப்ளஸ் டூ கிளாஸ் குடுப்பாங்களாம். இல்லாங்காட்டி வேற ஆளு ரெடியாம். ஆறு வருஷமா ஆறாங்கிளாஸையே மேச்சிகினு கீது. பேஜாரா கீது மேடம் பாக்கறதுக்கு."

விடைத்தாளுக்குச் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவர் எங்கள் கல்லூரியில் ஒருவர்தான், அது நானில்லை.

அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது அத்தியாயத்தைப் படித்தேன். தோல் இல்லை. நான்காவதைப் புரட்டினேன். மூக்கு இல்லை. எதிரே இருந்த ஊரைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தவனைப் பற்றி அந்த மனிதர் அறுநூறு பக்கம் எழுதியிருந்தார். நான் அவர் புத்தகத்தையே பார்க்காமல் நோட்ஸைப் பார்த்திருந்தேன். சிரிப்பு வந்தது. நூலக உதவியாளர் தண்ணீர் கொண்டு வந்தார்.

தேர்வு அதிகாரியிடம் போனேன். கணிதத்துறைக்காரர். எதையும் இரண்டு வரியில் முடிப்பவர்.

"சார், ஒரு தாள்ல என் மார்க்கை மாத்தணும்."

"முதல் திருத்துநர் எழுத்துல காரணம் கொடுத்தா மாத்தலாம் மேடம்" என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "கூட்டல் பிழைன்னு போடுங்க. கையெழுத்துப் போடுங்க. அஞ்சு நிமிஷம்."

உங்களுக்கும் இந்தக் கூட்டல் பிழையை யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம் தொழிலில் யாரும் தப்பாகத் திருத்துவதில்லை. எல்லோரும் தப்பாகக் கூட்டுவதோடு சரி. இங்கிலீஷ் துறைக்கு ஒன்றும் ஒன்றும் தெரியாது என்று கணிதத்துறைக்காரரே நம்பும் அளவுக்குக் கூட்டல் பிழைகள் செய்திருக்கிறோம்.

பேனாவை எடுத்தேன். 'கூட்டல்' வரை எழுதியும்விட்டேன். அங்கே கை நின்றது. எனக்கு மனச்சாட்சி பொங்கியது என்று நினைக்காதீர்கள். கோபம்தான். அந்தப் பெண் இரண்டு தடவை படித்துவிட்டு, நான் சொன்னது தப்பு என்று எழுதியிருக்கிறாள். கூட்டல் பிழை என்று போட்டால் அவள் சொன்னது சரி என்பது எங்கேயும் இருக்காது. நோட்ஸ் ஜெராக்ஸ் கடையில் இருக்கும். அடுத்த வருடம் இன்னொரு நாற்பது பேர் மூக்கைப் பொத்துவார்கள்.

"கூட்டல்ல தப்பு இல்ல சார்" என்றேன்.

"அப்ப கவனக்குறைவு?"

"அதுவும் இல்ல. நான் புத்தகத்தைப் படிக்கல. படிச்ச பொண்ணை ஃபெயில் பண்ணிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. பிரின்சிபாலுக்குப் போகணும். அவர் பட்டணத்துல மீட்டிங்ல இருக்கார். இன்னிக்கு வருவாரோ மாட்டாரோ. ரிசல்ட் நாளைக்கு. வரலைன்னா அந்தப் பொண்ணுக்கு நிறுத்தி வெச்சதாத்தான் போகும். உங்க நேர்மைக்கு அது பலியாகலாமா?"

சரியான கேள்வி. பொய் எழுதினால் ஐந்து நிமிடத்தில் அவளுக்கு வகுப்பு. உண்மை எழுதினால் ஒருவேளை இல்லை. மேலும் அடுத்த மாதம் துறைத்தலைவர் பதவி என் முறை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும்.

அந்தக் 'கூட்டலை' அடித்துவிட்டு உண்மையை எழுதினேன். மூன்று வரி, கீழே புது மார்க் அறுபத்தெட்டு. பிறகு வீட்டுக்குப் போகாமல், அந்தத் தாளோடு பிரின்சிபால் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருடைய டிரைவருக்கு ஆபீஸிலிருந்து ஐந்து முறை போன் போட வைத்தேன். ஐந்தாவது முறை டிரைவர், "மேடம், கிண்டில மாட்டிகினோம். நான் இன்னா, காரைத் தலைமேல தூக்கிகினா வர முடியும்?" என்றார். மணி நாலு ஆனது. ஐந்து ஆனது. உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் என்னை நானே திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஐந்து நிமிடப் பொய்யை எழுதியிருந்தால் அவள் இந்நேரம் பாஸ்.

ஐந்தரைக்கு அவர் வந்தார். நின்றபடியே படித்தார். "இதை நீங்க எழுதியிருக்க வேண்டியதில்லையே" என்றார். "கையெழுத்துப் போடுங்க சார், அப்புறம் திட்டுங்க" என்றேன். போட்டார். திட்டினார். ஒரு மெமோவும் கொடுத்தார். இரண்டு வருடம் எனக்குத் திருத்தும் வேலை கிடையாது என்றார்கள். மே மாத வெயிலில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். துறைத்தலைவர் பதவி எனக்கு அடுத்தவருக்குப் போயிற்று. அது கொஞ்சம் வலித்தது. மற்ற நாற்பத்து மூன்று பேர் மார்க்கில் யாரும் கை வைக்கவில்லை. தப்பு அவர்களுடையது அல்ல.

நான் செய்தது சரி என்று உங்களிடம் சொல்லவில்லை. கிண்டியில் இன்னும் ஒரு மணி நேரம் நெரிசல் இருந்திருந்தால் இதை எழுதும் முகம் எனக்கு இருந்திருக்காது. ஆனால் ஒன்று. உண்மையை எழுதிக் கொடுப்பது பாதி வேலை. அதனால் இன்னொருத்தர் கெட்டுப்போகாமல் வாசலில் உட்கார்ந்திருப்பது மீதி.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் போர்டில் அவள் எண்ணுக்கு நேரே பாஸ் என்று இருந்தது. நன்றி சொல்ல வருவாள் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். வரவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோள்பையில் குடையும் டிபன் டப்பாவும். விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்து வாங்கியிருந்தாள். அதை என் மேஜையில் வைத்தாள்.

"மேடம், எனக்கு அறுபத்தெட்டுக்கு மாத்திக் கொடுத்தீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா."

"இந்த ஏழாவது பக்கத்தைப் படிச்சுட்டா மாத்தினீங்க?"

மாற்றும்போது தோல் ஊர் விஷயத்தையும் வெளித் திருத்துநரின் எழுபத்தொன்றையும் நினைத்து மாற்றினேன். ஏழாவது பக்கத்தை இரண்டாவது தடவையும் புரட்டித்தான் இருந்தேன்.

"இப்பப் படிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

படித்தேன். இப்படி எழுதியிருந்தாள்: வர்ணிக்கப்பட்டவர்களின் குரல் அழிந்துபோனது என்கிறார் இந்த விமர்சகர். நான் தோல் ஷெட்டுகள் இருக்கும் தெருவில் வாழ்கிறேன். என் மாமனார் தோல் ரகம் பிரிப்பவர். வெள்ளைக்கார வியாபாரிகளைப் பற்றி எங்கள் தெருவில் இன்றைக்கும் கதைகள் உண்டு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாங்கள் வைத்த பட்டப்பெயர் உண்டு. அவை தமிழில் இருப்பதால் இவருக்குக் கேட்கவில்லை. தனக்குக் கேட்காததை இல்லை என்று எழுதுவது, இவர் கண்டிக்கிறவர்கள் செய்த அதே வேலை.

"அவர் ஆள வந்தவங்க எழுத்தைப் பத்திச் சொல்றாரும்மா. ஊரைப் பத்திச் சொல்லல" என்றேன்.

"அப்ப குரல் அழிஞ்சு போச்சுன்னு ஏன் சொன்னார்? எழுத்துல வரலைன்னு சொல்லியிருக்கணும்."

"அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன பண்ணுவார்?"

"தெரியாதுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே மேடம். அறுநூறு பக்கம் எழுதினவர்தானே?"

நான் ஆறாவது அத்தியாயத்தைச் சொன்னேன். அவள் எட்டாவதைச் சொன்னாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "உங்க மாமனார் சொல்ற கதையெல்லாம் ஆதாரமா?" என்று கேட்டுவிட்டேன். "அவரை வந்து கேட்டுட்டு இதைச் சொல்லுங்க. டீ போட்டுத் தருவார்" என்றாள். ஒரு மணி நேரம் சண்டை. அந்த விமர்சகரைப் பற்றி என் வாழ்க்கையில் யாரோடும் நான் போட்ட முதல் சண்டை அது. இத்தனை வருடம் பாடம் எடுத்திருக்கிறேன்.

கடைசியில் சொன்னேன்: "ரிசல்ட் வந்தாச்சும்மா. இனி மார்க்கை மாத்த முடியாது."

"மார்க்குக்கு யார் வந்தா? பதில் சொல்லுங்க மேடம்."

"ரெண்டு நாள் டைம் கொடு. முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"திங்கக்கிழமை வரேன் மேடம். ஆனா அஞ்சுக்கு முன்னாடி முடியாது. நாலரை வரைக்கும் எனக்கு ப்ளஸ் டூ கிளாஸ் இருக்கு."